சொல்லிட்டு ஏறுங்க

முதல் நாள் அவரு எனக்கு ஒரு வணக்கம் கூடச் சொல்லல. தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பாத்தாரு. "எழுவத்தொண்ணு"ன்னாரு.

"என்ன எழுவத்தொண்ணு?"

"கிலோ. செருப்போட சேத்து."

வேலைக்குச் சேந்து அஞ்சு நிமிசம் கூட ஆகல. கையில இருந்த டிபன் டப்பாவை அவரு மண்டையில போட்டிருப்பேன். உள்ள புளிக்கொழம்பு இருந்துச்சு, வீணாப் போயிடுமேன்னு விட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா எடை மெஷின்ல ஏறினேன். வெறுங்காலோட எழுபதரை. செருப்பை மாட்டிக்கிட்டு மறுபடி ஏறினேன். எழுவத்தொண்ணு. அதுலதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஆளு கெட்டிக்காரன்தான் போல"ன்னு சிரிச்ச என் வீட்டுக்காரருக்கு அன்னைக்கு ரசஞ்சோறு மட்டும்தான் கெடச்சுது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருந்துச்சு எங்க கடை. ஊருக்குப் பார்சல் அனுப்புற கடை. கட்டுமானத்துல, கப்பல் பட்டறையில வேலை பாக்குற ஆளுங்க ஞாயித்துக்கிழமை ஆனா தைலம், சாக்லேட்டு, பால் பவுடர், கம்பளின்னு அட்டைப்பெட்டி நெறைய அடைச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. நான் பில் போடுவேன். அவரு எடை போடுவாரு. அவருக்குப் பேருன்னு ஒண்ணு இருந்துச்சு, முதலாளி கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எல்லாருக்கும் கிலோ அண்ணன்தான். நானும் பேரைச் சொல்லப் போறதில்ல. இப்ப ஏதோ ஒரு கப்பல்ல சமையல்காரரா இருக்காராம், எந்தக் கடல்ல இருக்காரோ. கடையும் மூடியாச்சு, அந்த இடத்துல இப்ப பபுள் டீ விக்குறாங்க. ஆனா எந்த லிஃப்டுல ஆள் கூடிப்போய் மணி அடிச்சாலும் எனக்கு அவரு ஞாபகம்தான்.

கடையில எடை மெஷின் ஒண்ணு இருந்துச்சு, சும்மா பேருக்கு. பெட்டியை ரெண்டு கையால லேசாத் தூக்கிப் பாப்பாரு. "பதினெட்டு எறநூறு." மெஷின்ல வச்சா பதினெட்டு எறநூறு. வந்து நிக்கிற ஆளுங்க கைதட்டுவாங்க. அவருக்குக் கைதட்டல்லாம் புடிக்காது. முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேப்பாரு. "உள்ள என்னென்ன இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு."

சாமானுக்கு அப்படிக் கேட்டா சரி, அது கடை வழக்கம். மனுசங்களையும் இல்ல கேட்டாரு!

எங்க முதலாளி வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்து புளோக்குல பத்தாவது மாடி. ஒரு நாள் ஏதோ கையெழுத்து வாங்க நாங்க ரெண்டு பேரும் போனோம். லிஃப்டுல ஏறினோம். பின்னாடியே சந்தைக்குப் போயிட்டு நாலஞ்சு பேரு ஏறுறாங்க, கை நெறைய பை. கடைசியா ஒரு சீன ஆன்ட்டி, தள்ளுவண்டியோட. கிலோ அண்ணன் கதவைக் கையால தடுத்து நிறுத்திட்டு அவங்ககிட்ட இங்கிலீஷ்ல ரொம்ப மரியாதையா, "ஆன்ட்டி, உங்க எடை எவ்ளோ? உண்மையைச் சொல்லிட்டு ஏறுங்க"ன்னாரு. அந்த ஆன்ட்டி வண்டியிலேருந்து ஒரு கட்டு பயத்தங்காயை உருவி அவரு தோள்ல போட்டாங்க பாருங்க ஒரு போடு. பயத்தங்காய் ரெண்டா ஒடிஞ்சிருச்சு. அண்ணன் ஒடிஞ்சதைப் பொறுக்கி அவங்க வண்டியிலயே வச்சுட்டு, "அறுவத்தி நாலு இருக்கும்"னு என் காதுல சொல்லிட்டு, லிஃப்டை விட்டு இறங்கிப் படியில நடந்தாரு.

அதுதான் அவரு வழக்கம். மணி அடிச்சா இறங்குவாரு. மணி அடிக்கலைன்னாலும், அடிச்சிரும் போலத் தோணினா இறங்குவாரு. அவருக்கு அப்புறம் பத்துப் பேரு ஏறியிருந்தாலும் அவருதான் இறங்குவாரு. யாரும் சொல்ல மாட்டாங்க, யாரும் பாக்கக் கூட மாட்டாங்க, குத்தம் பண்ணின மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிருவாரு. எங்க கடை ஆளுங்களுக்கு அது பழகிப்போச்சு. மணி அடிச்சதும் எல்லாரும் அண்ணனுக்கு வழி விடுவோம். கொஞ்சம் வெக்கக்கேடுதான், ஆனா உண்மை.

ஒரு தடவை கடை சார்பா உபின் தீவுக்குப் பிக்னிக் போனோம். சாங்கியில படகு ஏறணும், பன்னெண்டு பேரு சேந்தா கெளம்பும். எங்களோட கணக்கு சரியா இருந்துச்சு. கிலோ அண்ணன் கரையில நின்னுக்கிட்டு யாரையும் ஏற விடல. "முதலாளி இடது பக்கம். நீங்க வலது. பிரியாணிச் சட்டி நடுவுல. அந்த ஒல்லியா இருக்கிற ஆளு முதலாளிக்கு எதிர்ல வேணாம், தூக்கிரும்." முதலாளிக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. படகுக்கார சீன அங்கிள் வாயில சிகரெட்டோட கால் மணி நேரம் வேடிக்கை பாத்தாரு. "நீ கேப்டனா லா?"ன்னு ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் படகு கெளம்பிச்சு. சத்தியமாச் சொல்றேன், அப்படி ஒரு பயணம் நான் போனதில்ல. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல, முதலாளி கோப்பியைக் கூட சிந்தாமக் குடிச்சாரு. எறங்குறப்ப அந்த அங்கிள் அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டு, அடுத்த வாரம் வருவியான்னு கேட்டாரு.

கல்யாணம் ஏன் பண்ணிக்கலன்னு ஒரு நாள் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு கோப்பி கொண்டாந்து குடுத்துச்சு"ன்னாரு.

"சரி."

"எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஏதாச்சும் சொல்லணுமே."

"அண்ணே, வேணாம், சொல்லாதீங்க."

"சொல்லிட்டேன். அரைக்கிலோ கூட வித்தியாசம் இருந்திருக்காது."

அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல பில் மெஷின்ல தப்பு நம்பர் விழுந்துருச்சு.

அவரு குடியிருந்ததும் எங்க பக்கம்தான், ஆங் மோ கியோல ஒரு வாடகை ரூம். நாள் ஆக ஆக "நீங்க" போயி "தங்கச்சி, நீ"ன்னு ஆச்சு. அப்பதான் இன்னொண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒரு பெரிய தூக்குல இட்லி சுட்டு அடுக்கிக்கிட்டு, எம்ஆர்டி ரயில் புடிச்சு குவீன்ஸ்டவுன் வரைக்கும் போவாரு. அங்க பழைய புளோக்குல அவரு கூட்டாளி ஒருத்தர், செல்லப்பன்னு பேரு. வலது கால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பாரு. அவருக்கு இட்லியைக் குடுத்துட்டு, உக்காரக்கூட உக்காராம, கடை தொறக்குறதுக்குள்ள ஓடி வந்துருவாரு. மழை, காய்ச்சல், தீபாவளி எதுக்கும் நிக்காது. "என்னண்ணே, வேண்டுதலா?"ன்னு கேட்டா பேச்சை மாத்திருவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாம் வெளிய வந்துருச்சு.

அன்னைக்கு ஒரு ஆளு பெட்டி கொண்டாந்தாரு. கம்பளி, துணி, பால் பவுடர்னு ஒப்பிச்சாரு. அண்ணன் பெட்டியைத் தூக்கினாரு. மொகம் மாறிப்போச்சு. "இன்னும் என்ன?"ன்னாரு. "அவ்ளோதாண்ணே." "இன்னும் ஒண்ணு இருக்கு." "இல்லண்ணே." அண்ணன் பெட்டியைப் பிரிச்சாரு, கம்பளியை உதறினாரு. உள்ளேருந்து மிக்ஸி ஜாரு ஒண்ணு டங்குன்னு விழுந்துச்சு. கைக்குழந்தையைச் சுத்தின மாதிரி அழகாச் சுத்தி வச்சிருந்தான் பாவம்.

அவரு கத்தின கத்து பக்கத்துப் பூக்கடை வரைக்கும் கேட்டுச்சு. "இது ஃபிளைட்டுல போறது தெரியுமா உனக்கு? சொல்லாம ஏத்துவியா? உள்ள உக்காந்திருக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?" அந்த ஆளு பயந்து ஜாரை விட்டுட்டே ஓடிட்டான்.

நான் அவரை உள்ள இழுத்துட்டுப் போயி, சீனி தூக்கலா ரெண்டு தே, அதான் டீ, வாங்கி ஒண்ணை அவருக்குக் குடுத்தேன். "ஒரு மிக்ஸி ஜாருக்கா அண்ணே இப்படி?"ன்னேன்.

"தங்கச்சி, நான் ஒரு ஹெலிகாப்டரைக் கவுத்தவன்"னாரு.

நான் தேயைக் கீழ வச்சேன். என்னத்தைக் கவுத்தாரு?

கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு வேலை பாத்தது கடல் நடுவுல எண்ணெய் எடுக்கிற மேடையில. அங்க மெஸ்ஸுல சமையல். செல்லப்பனும் அங்கதான், கிரேன் வேலை. வேற ஒரு நாட்டுக் கரையிலேருந்து சின்ன ஹெலிகாப்டர்ல கூட்டிட்டுப் போவாங்களாம். ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் எடை போட்டு எழுதிக்குவாங்க. ஒரு ஓட்டைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு எடை மெஷின். அவ்ளோதான் அங்க ஏர்போர்ட்டு. மேடையில இருந்த நம்ம ஆளுங்க ரெண்டு மாசமா இட்லி இட்லின்னு உசிரை எடுத்திருக்காங்க. அங்க கிரைண்டர் கிடையாது. இவரு கரையிலயே மாவரைச்சு, நாலு பாக்கெட்டு, நாலு கிலோ. ஜாக்கெட்டு உள்பக்கம் வச்சுத் தச்சிருக்காரு. எடை போடுறப்ப ஜாக்கெட்டைக் கழட்டிப் பெஞ்சுல வச்சுட்டு, போட்டு முடிச்சப்புறம் மாட்டிக்கிட்டாரு.

"மேடை தெரியுது தங்கச்சி. கொடியைக் காட்டி எங்களை எறக்குறவன் மீசை கூடத் தெரியுது. இன்னும் ஒரு வீட்டு உசரம்தான். திடீர்னு எஞ்சின் சத்தம் அப்படியே எறங்கிருச்சு. மிக்ஸி ஓடிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு போனா எப்படி இருக்கும், அப்படி. தொப்புன்னு விழுந்தோம்."

யாரும் சாகல, அது கடவுள் புண்ணியம். வாலு ஒடிஞ்சு, ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்துச்சாம். நெருப்பு புடிச்சிரும்னு எல்லாரும் எறங்கி ஓடியிருக்காங்க, இவரும்தான் ஓடியிருக்காரு. திரும்பிப் பாத்தா செல்லப்பனைக் காணோம். காலு மாட்டிக்கிட்டு உள்ளயே கெடந்திருக்காரு. இவரு திரும்பிப் போயி இழுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்திருக்காரு.

"அறுவத்தாறு கிலோ. அன்னைக்குத்தான் ஒரு மனுசன் எவ்ளோ கனம்னு எனக்குத் தெரிஞ்சுது"ன்னாரு. "அப்பலேருந்து யாரைப் பாத்தாலும் நம்பர்தான் வருது. நான் என்ன செய்ய?"

"மாவு என்னாச்சு?"ன்னு கேட்டேன். பாருங்க என் புத்தியை.

"வெடிச்சிருச்சு. வெயில்ல நல்லாப் பொங்கியிருந்துச்சு. கழுத்து வழியா, கை வழியா வெள்ளை வெள்ளையா வருது. அதுக்குள்ள நெருப்பணைக்கிறவங்க ஓடி வந்து எங்க மேல எல்லாம் நுரையை அடிச்சாங்க. நுரையோட நுரையா அதுவும் போச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது. அந்த மொகத்தைப் பாத்தா சிரிக்க முடியல. கண்ணு ரெண்டும் கலங்கிப் போயிருந்துச்சு. "அந்தக் கால் என்னால போனது, தங்கச்சி. அவன் என்னைப் பாக்குறப்ப எல்லாம், உசிரைக் குடுத்த சாமின்னு கும்பிடுறான். என்னால தாங்க முடியல."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா இருக்கிற ஒரு கூட்டாளியும் போயிருவான்."

இப்படி மறைச்சு மறைச்சே பதினோரு வருசம் ஓடியிருக்கு. அப்படியே ஓடியிருக்கும், செல்லப்பனுக்கு பொங்கோல்ல புது வீடு கெடைக்காம இருந்திருந்தா. பதினாறாவது மாடி. கடைக்கே நேரா வந்து பத்திரிகை வச்சாரு மனுசன். "முதல் காலடி நீதாண்டா வைக்கணும். என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தவன் நீ. உனக்கு அப்புறம்தான் நாங்க எல்லாரும் உள்ள போவோம்"னாரு. அண்ணன் எடை மெஷினைப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. செல்லப்பன் போனப்புறம் எங்கிட்ட, "போகப் போறதில்ல"ன்னாரு. ஒரு மணி நேரம் கழிச்சு, "போறேன். போயி வாசல்லயே வச்சு எல்லாத்தையும் சொல்லிடுறேன். வெட்டினாலும் வெட்டட்டும். நீ கூட வா"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை முதலாளிகிட்ட அரைநாள் லீவு வாங்கிட்டு, காலையில ஆறு மணிக்கெல்லாம் பொங்கோல் போய்ச் சேந்தோம். நான் பட்டுப்புடவை. அவரு வெள்ளைச் சட்டை, ஒரு கையில இட்லித் தூக்கு, இன்னொரு கையில பழைய கவர் ஒண்ணு. லிஃப்டு வாசல்ல விருந்தாளிக் கூட்டம். ஏறினோம். மணி அடிக்கல, ஆனா அடிச்சிரும் போல இருந்துச்சு. அவரு இறங்கிட்டாரு. இறங்கி என் பையோட காதைப் புடிச்சு என்னையும் வெளிய இழுத்து, "தனியா ஏறினா பாதியில திரும்பிருவேன் தங்கச்சி"ன்னாரு.

பட்டுப்புடவையில, என் முழங்காலை வச்சுக்கிட்டு, பதினாறு மாடி. நெனச்சுப் பாருங்க. மாடிக்கு மாடி அவரு ஒத்திகை பாக்குறாரு. "செல்லப்பா, உங்கிட்ட ஒரு விசயம்..." அப்புறம் அழிச்சுட்டு, "செல்லப்பா, நீ என்னை மன்னிக்கணும்..." ஒன்பதாவது மாடியில நின்னுட்டாரு. "வேணாம், எறங்கிருவோம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அண்ணே! எறங்கினா எட்டு மாடி, ஏறினா ஏழு மாடி. மரியாதையா ஏறுங்க"ன்னேன். ஏறினாரு.

மேல வாசல்ல செல்லப்பன் ஊன்றுகோலோட நிக்கிறாரு. பக்கத்துல அவரு சம்சாரம் வசந்தி, பால் பானையோட. ஐயர் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு, "வாங்கோ வாங்கோ, நல்ல நேரம் முடியப் போறது"ன்னு பறக்குறாரு. எல்லாரும் வழி விட்டாங்க. அண்ணன் வலது காலைத் தூக்கினாரு. தூக்கின காலு தூக்கினபடியே நிக்குது.

"நான் உள்ள வர மாட்டேன். முதல்ல ஒண்ணு சொல்லணும்."

"உள்ள வந்து சொல்லலாம்"னாரு ஐயர்.

"இல்ல சாமி. சொல்லிட்டுத்தான் ஏறுவேன்." ஒத்தைக் காலோட நின்னுக்கிட்டே கடகடன்னு சொல்லிட்டாரு. ஜாக்கெட்டு, நாலு பாக்கெட்டு, பெஞ்சு, நுரை எல்லாத்தையும். "அந்த ஹெலிகாப்டரு விழுந்தது என்னாலடா. உன் காலு போனது என் மாவால."

செல்லப்பன் அவரையே பாத்தாரு.

"மாவு தெரியுமே"ன்னாரு.

"என்னது?"

"டேய், பக்கத்து சீட்டு நான்தான். உக்காந்ததுமே புளிச்ச வாசனை. ஹெலிகாப்டரு பூரா உன் மாவு வாசனைதான். பின்னாடி இருந்தவன் கூட மூக்கைப் பொத்துனான்."

"தெரிஞ்சா ஏண்டா ஒண்ணும் சொல்லல?"

"எங்கிட்ட ரெண்டு கிலோ கருவாடு இருந்துச்சு, நான் எங்க சொல்றது? அந்த பிலிப்பினோக்காரன் வயித்துல பலாப்பழத்தைக் கட்டிக்கிட்டு மாசமான பொம்பளை மாதிரி உக்காந்திருந்தான், மறந்துட்டியா? எல்லாரும்தாண்டா கொண்டு போனோம்."

"அப்ப எல்லாம் சேந்துதான்..."

"ஒண்ணும் சேரல. ஆஸ்பத்திரியில பைலட்டு எனக்குப் பக்கத்துக் கட்டில். அவனே சொன்னான், எடை போட்டப்புறம் இவனுங்க எதையாச்சும் திணிப்பானுங்கன்னு தெரியும், அதனால முன்கூட்டியே ஆளுக்கு அஞ்சு கிலோ சேத்துத்தான் எழுதுவேன்னு. எறங்குற நேரத்துல எஞ்சின்ல பவர் போயிருச்சு, அவ்ளோதான். கம்பெனியிலேருந்து எல்லாருக்கும் கடுதாசி வந்துச்சே. உனக்கு வரல?"

"வந்துச்சு." அண்ணன் கையில இருந்த கவரை நீட்டினாரு. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, பிரிக்கவே இல்ல. "என் பேரைப் போட்டிருப்பான்னு நெனச்சேன். உங்கிட்டயே குடுத்துரலாம்னு கொண்டு வந்தேன்."

பதினோரு வருசம்! எனக்குப் பொறுக்கல. கவரைப் புடுங்கிக் கிழிச்சு, அங்கயே நின்னு படிச்சு, எல்லாருக்கும் தமிழ்ல சொன்னேன். எறங்குறப்ப எஞ்சின் சக்தி இழந்துச்சு. உள்ள ஒரு சின்ன பாகம் தேஞ்சு போயி, எண்ணெய் சரியாப் போகல. ஏறியிருந்த எடை வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருந்துச்சு.

"மாவு?"ன்னாரு அண்ணன்.

"மாவைப் பத்தி ஒண்ணும் இல்லண்ணே."

"இட்லின்னு ஏதாச்சும் போட்டிருக்கானா பாரு."

"இல்ல."

"பின்பக்கம்?"

"பின்பக்கம் வெறும் தாளுண்ணே."

சந்தோசப்படுவாருன்னு பாத்தா, மொகம் தொங்கிப் போச்சு. கல்யாணத்துக்குக் கூப்பிடாம விட்டுட்ட மாமன் மாதிரி நின்னாரு. "அப்ப என் மாவுக்கு இதுல ஒரு பங்கும் இல்லையா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, தூக்கை மடியில வச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்து, சின்னப்புள்ளையாட்டம் ஓன்னு அழுதாரு. எனக்கும் அழுகை வந்துருச்சு. வசந்தி பால் பானையோட அழுவுது.

"வாசப்படியில உக்காரப்படாது"ன்னு ஐயர் ஒருத்தர்தான் தெளிவா இருந்தாரு.

செல்லப்பன் குனிஞ்சு அவரு தோளைப் புடிச்சாரு. "எல்லாரும் ஓடினானுங்க. நீ ஒருத்தன்தான் திரும்பி வந்த. எனக்கு அது போதும். இப்ப காலைத் தூக்கி உள்ள வை, சாமி மொறைக்கிறாரு."

அண்ணன் எழுந்தாரு. மூக்கைச் சிந்திட்டு வலது காலை உள்ள வச்சாரு. அடுப்புல பால் பொங்கிச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. அன்னைக்கு அவரும் தட்டினாரு.

சாப்பாட்டுல வடை, கேசரி, பொங்கல்னு எல்லாம் இருந்துச்சு. செல்லப்பன் அதையெல்லாம் விட்டுட்டு இவரு தூக்கைத் தொறந்து எட்டு இட்லி எடுத்து வச்சுக்கிட்டாரு. அண்ணன் அதைப் பாத்துக்கிட்டே யோசிச்சாரு.

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை இட்லி வேணாமில்ல?"

செல்லப்பனுக்குப் புரையேறிப்போச்சு. "எதுக்கு வேணாம்? அன்னைக்கு மேடையில திங்க வேண்டிய இட்லி திங்கல. அதுக்குப் பதிலாத்தான் நீ கொண்டார்றேன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருக்கேன். அது வேற, இது வேறடா!"

"நாலு கிலோவுக்கு எப்பவோ மேல போயிருச்சு."

"நான் எடை போடலையே"ன்னாரு செல்லப்பன், ஒன்பதாவது இட்லியை எடுத்துக்கிட்டே.

கெளம்புறப்ப வசந்தி வாசல்ல நின்னு ஆளுக்கொரு தேங்காய் குடுத்துச்சு. நல்ல முத்தின தேங்காய். அது அந்தப் பக்கம் திரும்பினப்ப நான் கூடையிலேருந்து இன்னும் ரெண்டு எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அங்க மீந்துதான் கெடந்துச்சு, மறுநாள் சட்னிக்கு ஆகும்.

லிஃப்டு வந்துச்சு. நான், அண்ணன், ஐயரு, அவரு மூட்டை, அப்புறம் வசந்தி வீட்டுச் சொந்தக்காரங்க, வாடகை நாற்காலிங்க. கதவு மூடப் போகுது. மணி அடிச்சிருச்சு.

காலையில அவரு இறங்கினதைப் பாத்த கூட்டம்தானே. எல்லாரும் அண்ணனைப் பாத்தாங்க. நானும் பழக்கதோசத்துல வழி விட்டு ஒதுங்கினேன்.

அண்ணன் நகரல. செவத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டாரு.

"இன்னைக்கு நான் எறங்க மாட்டேன்"னாரு. "நான் எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் ஏறியிருக்கேன். சொல்லாதவங்க யாரோ, அவங்க எறங்கட்டும்."

மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. அவரு கண்ணு ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டு வந்து, எங்கிட்ட வந்து நின்னுச்சு. அப்புறம் மெதுவா என் பைக்கு எறங்குச்சு.

"தங்கச்சி, காலையில வர்றப்ப நீ எழுவத்தொண்ணு. இப்ப எழுவத்திரெண்டரை இருக்கியே?"

நான் இறங்கினேன். கதவு மூடுச்சு. உள்ள அவரு விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த மனுசன் லிஃப்டுல போனதை அன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, மூணு தேங்காயோட, பதினாறாவது மாடியிலேருந்து முழங்காலைத் திட்டிக்கிட்டே எறங்கினேன். அவரை மட்டும் ஒரு வார்த்தை திட்டல.